ஒரு தடவைதான் கேட்பார்கள்

பாபநாசத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்: "அக்கா, செப்டம்பரில் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறேன். ஹாஸ்டலில் இடமில்லை. ஒரு ஜெர்மன் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் எப்படி இருப்பது? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அம்மாவுக்கு ஒரே பயம்."

நானும் அப்படித்தான் போனேன்மா. திருவையாற்றை விட்டுக் கிளம்பிப் பதினான்கு வருஷம் ஆகிறது. முதல் பத்து மாதம் ஒரு குடும்பத்தோடுதான் இருந்தேன். இப்போது லீவில் வந்து, திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்த ராத்திரி வீட்டம்மா கேட்டார்: "ஏதாவது சாப்பிடுகிறாயா?" பசி காதை அடைக்கிறது. ஆனாலும் வாய் "பரவாயில்லை, வேண்டாம்" என்றது. நம் பக்கத்தில் அதை யார் நம்புவார்கள்? இலைக்கு மேல் கையை விரித்து மறித்தாலும் விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி சாம்பார் விழுந்துவிடும். அந்தம்மா "சரி, குட் நைட்" என்று சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கைப் போர்வைக்குள், சத்தம் வெளியே கேட்காமல் ஊற வைத்து ஊற வைத்துத் தின்றேன். என்ன மனுஷி இவர் என்று கோபம் வேறு.

மாதக்கணக்கில் கழித்து இதைச் சொன்னபோது அவர் பதறிப்போனார். "நீதானே வேண்டாம் என்றாய்?" நியாயம்தான். வேண்டாம் என்றவரைத் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது அங்கே மரியாதைக் குறைவு. அதனால் ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டுமென்றால் "வேண்டும்" என்று சொல்லிவிடு. கூச்சத்தை எல்லாம் திருச்சி ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டுப் போ.

அவர்களும் அப்படியே நேராகச் சொல்வார்கள். "உன் தாளிப்பு வாசனை என் கோட்டில் ஏறிவிடுகிறது" என்று ஒருநாள் அவர் சொல்ல, நான் அறைக்குள் போய் அழுதேன். மறுநாள் காலையில் அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி காபி நீட்டுகிறார். அவர் மனதில் அது அதோடு முடிந்துவிட்டது. நான்தான் ஒரு வாரம் சுமந்துகொண்டு திரிந்தேன். அப்புறம், கடுகு வெடிக்கும் முன்பே சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலை விரியத் திறக்கப் பழகிக்கொண்டேன், ஜனவரிக் குளிரிலும்.

ராத்திரிச் சாப்பாடு பல வீடுகளில் அடுப்பே பற்ற வைக்காத சாப்பாடு. ரொட்டி, சீஸ், நறுக்கிய வெள்ளரி, அதுவும் ஆறரை மணிக்கே. முதல் வாரத்திலேயே கேட்டுவிடு: ஃபிரிட்ஜில் எனக்கென்று ஓர் அடுக்கு, வாரத்தில் இரண்டு சாயங்காலம் அடுப்பு. குளியலறை நேரத்தையும் பேசி வைத்துக்கொள். முறைத் தண்ணீர் மாதிரிதான் அது. உன் முறையைத் தவறவிட்டால் கடைமடைக்காரர் பாடுதான்.

மிக்ஸியை ஞாயிற்றுக்கிழமை தொடாதே. அன்று முழுக்க அமைதி நாள். மற்ற நாட்களிலும் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை சத்தம் கூடாது. அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. அவர் கோலம் போட்டுவிட்டு 5 மணிக்குப் போன் செய்தால் அங்கே நள்ளிரவு 1.30. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் 12.30.

எப்படிக் கூப்பிடுவது என்பது இன்னொரு கஷ்டம். "பெயர் சொல்லியே கூப்பிடு" என்றார் அந்தம்மா. என் அம்மா வயது, எப்படி வரும்? இரண்டு மாதம் "ஹலோ" என்றே சமாளித்தேன். அவர்களாகச் சொல்லும்வரை குடும்பப் பெயரோடு மரியாதையாகவே பேசு. சொன்னபின் தயங்காதே, தயங்கினால் ஒதுங்குகிறாய் என்று நினைப்பார்கள்.

பணம், காகித விஷயம். குடியேறி இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. பேங்க் கணக்கு முதல் விசா நீட்டிப்பு வரை அந்தப் பதிவைக் கேட்பார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று யாராவது சொன்னால் அந்த வீடே வேண்டாம். ஒப்பந்தம் கைக்கு வருமுன் அட்வான்ஸ் அனுப்பாதே. முதலில் வீடியோவில் பேசு, அறையைக் காட்டச் சொல். அந்த அழைப்பில் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வை. ஜெர்மன் புரியாவிட்டாலும் முகத்தைப் பார்ப்பார் அல்லவா? பாதி பயம் அங்கேயே போய்விடும்.

மீதிக்கு நான் வருகிறேன். ஆடி முடியும்வரை ஊரில்தான் இருப்பேன். பாபநாசம் எனக்கு அரைமணி, முக்கால் மணி தூரம்தான். அம்மாவைக் காபிக்குப் பாலை எடுத்து வைக்கச் சொல். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.