சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நண்பருடன் சைக்கிளில் போகிறேன். வழியில் மனஸ்தாபம் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: ஜனவரி மாதம், ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழி, பத்து நாள், நாளுக்குச் சுமார் 80 கிலோமீட்டர். நீங்கள் வாரந்தோறும் ஓட்டுபவர், நண்பர் புதியவர்.

முதலில் பார்க்க வேண்டியது வேகம். சேர்ந்து போகிறவர்களின் சண்டைகளில் பெரும்பாலானவை அதில்தான் முளைக்கின்றன. மணிக்கு 22 கிலோமீட்டரில் போகிறவர் 80 கிலோமீட்டரை 3 மணி 38 நிமிடத்தில் முடிப்பார். 18-இல் போகிறவருக்கு 4 மணி 27 நிமிடம் ஆகும். முன்னால் போனவர் கிட்டத்தட்ட 50 நிமிடம் வெயிலில் காத்திருக்கிறார். பின்னால் வருபவர் "நம்மால்தானே தாமதம்" என்று சக்திக்கு மீறி மிதித்து, இரண்டு மூன்று நாளில் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார். இருவருமே வாய்விட்டுச் சொல்வதில்லை. மூன்றாம் நாள் அது டீக்கடையிலோ லாட்ஜ் வாசலிலோ வேறு ஏதோ காரணத்துக்காக வெடிக்கும்.

டூல்ஸ், பூட்டு, மருந்துப் பெட்டி என்று பொதுச் சாமான்களை வலுவானவர் சுமந்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் ஈசிஆர் மாதிரிச் சமதளச் சாலையில் மூன்று நான்கு கிலோவால் பெரிய வித்தியாசம் வராது. கிளம்பும்போதும் பாலம் ஏறும்போதும் மட்டும்தான் தெரியும். சமதளத்தில் வேகத்தைத் தடுப்பது காற்று. நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிரே 15 கிலோமீட்டர் காற்று அடித்தால், உங்கள் உடம்பு 35 கிலோமீட்டர் காற்றைத் தள்ளுகிறது. அப்போது ஒருவர் பின்னால் ஒருவர் போனால் பின்னால் இருப்பவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும்.

எனவே எதிர்காற்றில் நீங்கள் முன்னால் போங்கள். வேகத்தை முடிவு செய்பவர் மட்டும் பின்னால் இருப்பவராக இருக்கட்டும்: அவர் "மெதுவா" என்றால் உடனே குறைக்க வேண்டும். பைகளோடு போகும்போது ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி வையுங்கள். அவருடைய முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறிவரக் கூடாது. உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். பள்ளம் வந்தால் முன்னால் இருப்பவர் கையைக் காட்டி, "குழி" என்று குரலும் கொடுக்க வேண்டும். திடீர் பிரேக் கூடவே கூடாது.

தெற்கே போகும்போது கடல் உங்கள் இடப்பக்கம். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் அது இடமிருந்து அடிக்கும்; அப்போது காற்றுக்கு மறைவாக ஒதுங்க இடம் முன்னால் போகிறவருக்கு வலப்பக்கம் பின்னால், அதாவது லாரி வரும் பக்கம். அந்த நேரத்தில் காற்றுக்கு ஒதுங்கப் பார்க்காமல் ஒற்றை வரிசையில் ஓரமாகப் போங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் போட்டுக் காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பதினொன்றுக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். ஜனவரியில் பொதுவாக வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளும். அப்போது நண்பரை முன்னால் விடுங்கள். புதியவர் முன்னால் இருந்தால் வேகம் தானாகவே இருவருக்கும் பொருந்திப்போகும்.

காத்திருப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் நில்லுங்கள், பின்னால் வருபவர் உங்களைக் கண்ணால் பார்க்கும்வரை. அவர் வந்து சேர்ந்ததும் "போலாமா?" என்று பெடலில் கால் வைத்துவிடாதீர்கள். நீங்கள் பத்து நிமிடம் ஓய்வெடுத்தாயிற்று. அதிகம் களைத்த அவருக்கு ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. புறப்படும் நேரத்தை அவரே சொல்லட்டும். எனக்குத் தெரிந்து நட்பைக் காப்பாற்றும் பழக்கங்களில் இதற்கு ஈடானது வேறில்லை.

உதிரிப் பாகங்களில் எது பொது, எது தனி என்று முன்பே பிரியுங்கள். இருவர் டயர் அளவும் வால்வும் ஒன்றாக இருந்தால் மூன்று டியூப் போதும்; வேறு வேறானால் ஆளுக்கு இரண்டு. வழியிலுள்ள ஊர்க் கடைகளில் சாதாரண சைக்கிள் டியூப்தான் கிடைக்கும். மெல்லிய பிரெஸ்டா வால்வ் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அந்த வால்வுக்கு மாட்டும் பித்தளை அடாப்டர் ஒன்று கையில் இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். செயின் இணைப்பு, பின்கியரைத் தாங்கும் ஹேங்கர், பிரேக் பேட் மூன்றும் அவரவர் சைக்கிளுக்கு ஏற்றதாக வேண்டும், இரவல் உதவாது. பஞ்சர் ஒட்டவும் டியூப் மாற்றவும் நண்பரும் பழகியிருக்க வேண்டும். எல்லாப் பஞ்சரையும் ஒருவரே ஒட்டினால் ஐந்தாம் நாள் அவர் மெக்கானிக் ஆகிவிடுவார், மற்றவர் பயணி ஆகிவிடுவார்.

பணத்துக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பொதுப்பையில் போட்டு, சாப்பாடும் அறையும் அதிலிருந்தே. தீர்ந்தால் மறுபடி ஆயிரம். சைக்கிள் ரிப்பேர் அவரவர் செலவு. அவ்வளவுதான்.

பசியோடு எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒருவர் பேச்சைக் குறைத்துவிட்டார், சிடுசிடுக்கிறார் என்றால் கோபம் என்று எண்ணுவதற்கு முன், கடைசியாக எப்போது சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார் என்று பாருங்கள். வெயிலில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதிப் பாட்டிலில் கொட்டக் கூடாது. இரண்டு இட்லியும் ஒரு காபியும் தீர்த்துவைக்கும் பிணக்குகள் நிறைய.

தினம் ஒரு மணி நேரமாவது தனித்தனியாக ஓட்டுங்கள், அடுத்து சந்திக்கும் ஊரைச் சொல்லிவிட்டு. மாலையில் பேச விஷயம் மிச்சமிருக்கும்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு முழுச் சுமையோடு சனிக்கிழமை பாண்டி வரை போய், ஒரே அறையில் தங்கி, ஞாயிறு திரும்புங்கள். போக மட்டும் சுமார் 150 கிலோமீட்டர். பயண நாளைவிடக் கடினமாக இருப்பது நல்லதே. திரும்பும்போது அந்த வடகிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும். குறட்டை, காலையில் எழும் நேரம், களைத்தபோது பேசும் விதம் எல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

பிரிந்து போகவும் வழி வைத்திருங்கள். 1923-இல் பம்பாயிலிருந்து உலகைச் சுற்ற சைக்கிளில் புறப்பட்ட பார்சி இளைஞர்கள் ஆறு பேர். 1928-இல் சுற்றை முடித்துத் திரும்பியவர்கள் மூன்று பேர். பாதியில் ஒருவர் நின்றுகொள்வது துரோகம் ஆகாது. அதனால் ஆளுக்கொரு பம்ப், ஒரு டியூப், டயர் லீவர், கொஞ்சம் ரொக்கம் எப்போதும் அவரவர் பையிலேயே இருக்கட்டும். ரயிலில் சைக்கிள் ஏற்ற, வண்டி புறப்படும் நிலையமாகப் பாருங்கள்; ராமேஸ்வரமும் கன்னியாகுமரியும் அப்படிப்பட்டவை. வழியில் இரண்டு நிமிடம் நிற்கும் நிலையங்களில் ஏற்றுவது கஷ்டம். பார்சல் அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பெயர், போன் நம்பர், சேருமிடம் எழுதிய அட்டையைச் சைக்கிளில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். விளக்கு, பாட்டில், பை எல்லாவற்றையும் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.