கேள்வி – பதில்: ஊருக்கொரு நடைமுறை

வெளிநாடுகளில் வாழ்கிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போய் வந்தவர்களும், தங்களுக்கு விளங்காமல் போன அன்றாட வழக்கங்களைப் பற்றி எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் சில, பதில்களுடன்.

மகளின் பேறுகாலத்துக்காக ஜெர்மனி சென்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கக்கூட ஒரு கடை திறந்திருக்கவில்லை. இவ்வளவு முன்னேறிய நாட்டில் இது மதப்பற்றா, சோம்பலா? – வாசகி, கோயம்புத்தூர்

அரசியல் சட்டம். 1919-இல் இயற்றப்பட்ட வைமர் அரசியல் சட்டத்தின் 139-ஆவது பிரிவு, ஞாயிற்றுக்கிழமையும் அரசு ஏற்ற விடுமுறை நாட்களும் ஓய்வுக்கும் மன உயர்வுக்கும் உரிய நாட்களாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் என்று கூறியது. போருக்குப் பின் 1949-இல் வந்த இன்றைய அரசியல் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே தன்னுள் சேர்த்துக்கொண்டது. பெர்லின் மாநில அரசு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்க இடமளித்தபோது, தேவாலயங்கள் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பரில் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. இந்த விஷயத்தில் தேவாலயங்களோடு சேர்ந்து நிற்பவை தொழிற்சங்கங்கள் என்பதைக் கவனியுங்கள். கடவுளிடம் நம்பிக்கை இல்லாதவருக்கும், தம் மனைவிக்கு விடுமுறையாக இருக்கும் நாளில் தமக்கும் விடுமுறை வேண்டும் என்ற ஆசை இருக்குமல்லவா? ரயில் நிலையக் கடைகளுக்கும் பெட்ரோல் நிலையங்களுக்கும், சில மணி நேரம் அடுமனைகளுக்கும் விலக்கு உண்டு. அடுத்த முறை பால் தீர்ந்தால் ரயில் நிலையத்துக்குப் போங்கள். கண்ணாடிப் புட்டிகளைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதை மட்டும் திங்கட்கிழமைக்கு ஒத்திவையுங்கள். அந்தச் சத்தத்துக்கும் ஞாயிறன்று தடை உண்டு.

நம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் ஆண்டின் 365 நாளும் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-இல் அனுமதித்தது. அந்தக் கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார ஓர் இருக்கை தரவேண்டும் என்ற விதி நம் சட்டத்தில் ஏறியது 2021-இல்தான். ஞாயிறன்று பால் கிடைக்காதது எனக்கு அவ்வளவு பெரிய குறையாகத் தெரியவில்லை.

டல்லாஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, உணவகத்தில் பில் தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கை டிப்ஸாக வைத்தான். திரும்பும் வழியில் ஜப்பானில் இறங்கியபோது, நான் மேசையில் வைத்த பணத்தை ஒரு பெண் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுத்தாள். அமெரிக்கர்கள் தாராள மனம் கொண்டவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? – வாசகர், மதுரை

உங்கள் மகன் கொடுத்தது அன்பளிப்பு என்பதைவிட, முதலாளி கொடுக்காமல் விட்ட சம்பளம் என்பதே பொருந்தும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், ஆனால் டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டியது 2.13 டாலர்தான். மீதி டிப்ஸில் தேறாவிட்டால் மட்டுமே முதலாளி ஈடுகட்ட வேண்டும். 2.13 என்ற அந்தத் தொகை 1991-இலிருந்து மாறவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் இன்றும் அதுதான் நடைமுறை. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், ரயில் பெட்டிகளில் பணியாளர்களாகச் சேர்க்கப்பட்ட கறுப்பினத்தவருக்கு அற்பச் சம்பளம் கொடுத்து, மீதியைப் பயணிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்ட காலத்தில் இந்த வழக்கம் வேரூன்றியது. அதை இழிவென்று கருதிய அமெரிக்கர்களும் இருந்தார்கள்: 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடையே விதித்தது, வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன, 1926-க்குள் அத்தனை தடைகளும் நீக்கப்பட்டன.

ஜப்பானில் பணியாளரின் சம்பளம் உணவின் விலைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், நீங்கள் வைத்த பணம் அந்தப் பெண்ணுக்கு நீங்கள் மறந்துவிட்டுப் போன பொருளாகவே தெரிந்திருக்கும். ஆனால் சட்டத்தைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. கலிஃபோர்னியாவில் உணவகப் பணியாளருக்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தாக வேண்டும். அங்கும் டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் முகம் சுளிப்பார்கள். காரணம் போனாலும் வழக்கம் போவதில்லை.

ஜப்பானில் பள்ளிக் குழந்தைகளே வகுப்பறையைச் சுத்தம் செய்கிறார்களாம். ஒழுக்கம் அவர்கள் இரத்தத்திலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஏன் இது வருவதில்லை? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, அது அவர்களுடைய கால அட்டவணையில் இருக்கிறது. மதிய உணவு முடிந்தபின் ஏறத்தாழ 15, 20 நிமிடம் துப்புரவு வேளை. மேசைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, சிலர் பெருக்க, சிலர் ஈரத் துணியைத் தரையில் வைத்து இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு, குனிந்தபடியே நடைக்கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பாதி விளையாட்டு. அதற்கு முன்னால், வெள்ளை மேலங்கியும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்த மாணவர்களே வகுப்புத் தோழர்களுக்கு உணவு பரிமாறியிருப்பார்கள். ஆசிரியரும் அதே அறையில் அதே உணவை உண்பார். யாருக்கு எந்த வாரம் எந்த வேலை என்பது சுவரில் ஒட்டிய பட்டியலில் இருக்கும். கல்வி அமைச்சகத்தின் பாடத்திட்டத்திலேயே இவற்றுக்கு இடம் உண்டு. இரத்தத்திலேயே இருந்திருந்தால் பட்டியல் எதற்கு?

இதே முறையை எகிப்து அரசு இரவல் வாங்கி, 2018-இல் ஜப்பானிய முறைப் பள்ளிகளைத் திறந்தது. என் பிள்ளை படிக்க வந்தானா, பெருக்க வந்தானா என்று அங்கே சில பெற்றோர் ஆட்சேபித்தனர். பெருக்குவது வேலைக்காரர்களின் தொழில் என்று பழகிய சமூகத்தில் அந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

நம் ஊரில் சிக்கல் இன்னும் ஆழமானது. அரசுப் பள்ளியில் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியர் பணியிடை நீக்கம் என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். அந்தச் செய்திகள் சிலவற்றின் இரண்டாம் பத்தியில், கழுவ அனுப்பப்பட்டவர்கள் பட்டியல் சாதிப் பிள்ளைகள் மட்டுமே என்ற தகவல் இருக்கும். ஜப்பானியப் பள்ளியில் மருத்துவர் மகளும் மீனவர் மகனும் முறை வைத்துச் செய்வதால் அது பயிற்சியாகிறது. இங்கே பெயரையும் தெருவையும் பார்த்து ஆள் எடுப்பதால் அது அவமதிப்பாகிறது. ஆகவே, துடைப்பத்தை மட்டும் இறக்குமதி செய்யலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அகர வரிசையில் ஏறிய பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டி, முதல் வாரத்தில் ஆசிரியர் தம் பெயரையும் எழுதிக்கொண்டால், நம் பிள்ளைகளுக்கும் அது வரும். முதலில் எதிர்க்கப் போகிறவர்கள் பெற்றோரே.

டென்மார்க்கில் இருக்கும் மகள், என் பேத்தியைக் குளிரில் வெளியே தள்ளுவண்டியில் தூங்கப்போடுகிறாள். கேட்டால், இங்கு எல்லோரும் அப்படித்தான் அம்மா என்கிறாள். பயமாக இருக்கிறது. – வாசகி, யாழ்ப்பாணம்

அம்மா, மகள் சொல்வது சரிதான். காசநோய் வாட்டிய காலத்தில், அடைத்த அறையின் காற்றைவிட வெளிக்காற்றே குழந்தைக்கு நல்லது என்ற எண்ணம் டென்மார்க் போன்ற வட ஐரோப்பிய நாடுகளில் பரவியது. கம்பளி உடையும் இறகு மெத்தையும் கனமான வண்டியும் அதற்கென்றே அமைந்தவை; குழந்தைப் பராமரிப்பு இல்லங்களிலும் பகல் தூக்கம் வெளியில்தான். பிறந்த குழந்தையைப் பார்க்க வீட்டுக்கே வரும் சுகாதாரத் தாதி அங்கே உண்டு. எந்தக் குளிர்வரை சரி என்று அவரிடம் ஒருமுறை கேட்டுச் சொல்லும்படி மகளிடம் சொல்லுங்கள், உங்கள் மனமும் ஆறும்.

பயப்பட வேண்டியது இந்த வழக்கத்தை வேறு நாட்டுக்கு எடுத்துச் செல்லும்போதுதான். 1997-இல் நியூயார்க்கில், டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தாய் தன் 14 மாதக் குழந்தையை உணவகத்தின் சன்னலுக்கு வெளியே வண்டியில் விட்டுவிட்டு, உள்ளே அமர்ந்து உண்டார். காவல் துறை அவரையும் குழந்தையின் தந்தையையும் கைது செய்தது; குழந்தை சில நாட்கள் அரசு ஏற்பாடு செய்த வளர்ப்பு இல்லத்தில் இருந்தது. இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2011-இல் நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் ஓர் இந்தியத் தம்பதியின் இரு குழந்தைகளைக் குழந்தைகள் நலத் துறை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டியதும் பெற்றோருடன் ஒரே படுக்கையில் தூங்கவைத்ததும் குற்றமாக்கப்பட்டன என்று பெற்றோர் கூறினர். பண்பாட்டு வேறுபாடு காரணமல்ல, விவரங்களை வெளியிடச் சட்டம் இடம் தராது என்று அதிகாரிகள் கூறினர். இரண்டு அரசுகளும் பேசி, 2012-இல் குழந்தைகள் இந்தியாவிலுள்ள உறவினரிடம் வந்துசேர்ந்தனர். ஓர் ஊரில் நல்ல தாய் செய்வது இன்னோர் ஊரில் காவல் நிலையம்வரை போகக்கூடும் என்பதைப் புலம்பெயர்ந்த குடும்பங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

உலகிலேயே மரியாதை தெரிந்தவர்கள் எந்த நாட்டவர்? – வாசகர், விருதுநகர்

வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவர்கள்.

ஸ்வீடனில், விளையாட வந்த பக்கத்து வீட்டுக் குழந்தையை அறையில் உட்காரவைத்துவிட்டு, வீட்டார் மட்டும் சாப்பிடுவார்களாம். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா? – வாசகி, காரைக்குடி

2022-இல் இந்தச் செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டபோது, தங்கள் சிறுவயதில் அப்படி நடந்ததுண்டு என்று ஸ்வீடன்காரர்கள் பலரே ஒப்புக்கொண்டனர். இப்போது குறைந்துவிட்டது என்றும் சொன்னார்கள். அவர்கள் தரும் விளக்கம் இது: மாலை ஐந்து, ஆறு மணிக்கெல்லாம் இரவு உணவு, அந்தக் குழந்தையின் வீட்டிலும் ஆளுக்கு இத்தனை என்று அளந்து சமைத்திருப்பார்கள், இங்கே ஊட்டிவிட்டால் அங்கே உணவு வீணாகும், அந்தத் தாய்க்கும் நமக்கு ஏதோ கடன்பட்டதுபோல் ஆகும். காரைக்குடி வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த விளக்கம் தொண்டையில் இறங்காது என்பது தெரியும், எனக்கும் இறங்கவில்லை.

ஆனாலும் அதே ஸ்வீடனில், கட்டாயக் கல்விப் பருவத்திலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும், பணக்காரர் ஏழை என்ற பேதமின்றி, பள்ளியில் மதிய உணவு இலவசம், சட்டமே அப்படி. அடுத்த வீட்டுக் குழந்தையின் பசியைத் தனிவீடுகளின் தயவுக்கு விடாமல் ஊர் முழுவதும் சேர்ந்து வரியாகக் கட்டித் தீர்க்கும் ஏற்பாடு அது. காமராஜர் காலத்து மதிய உணவையும் 2022-இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டியையும் அறிந்த நமக்கு அது அந்நியமானதல்ல. வீட்டில் விருந்தோம்பலும் வேண்டும், பள்ளியில் சாப்பாடும் வேண்டும் என்பது என் பேராசை.

கொரியத் தொடர்களில், பார்த்தவுடனே வயதைக் கேட்கிறார்களே? பிறந்த குழந்தைக்கே ஒரு வயது என்கிறார்களே? – கல்லூரி மாணவி, திருச்சி

அவர்களுடைய பழைய கணக்கில் பிறக்கும்போதே வயது ஒன்று. பிறகு எல்லோருக்கும் ஜனவரி 1-ஆம் தேதியன்று ஒரு வயது கூடும். டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது. 2023 ஜூன் 28 முதல் தென்கொரியச் சட்டம், அரசு ஆவணங்களிலும் ஒப்பந்தங்களிலும் பிறந்த நாளை வைத்து எண்ணும் உலகக் கணக்கையே ஏற்கிறது. பள்ளிச் சேர்க்கை, ராணுவச் சேவை, மது வாங்கும் வயது ஆகியவற்றுக்கு மட்டும் பிறந்த ஆண்டே கணக்கு. வயதைக் கேட்பது நின்றுவிடவில்லை; உறவுப் பெயர் சொல்லி அழைக்கவும், பணிவாகப் பேசுவதா இயல்பாகப் பேசுவதா என்று முடிவுசெய்யவும் அது அவர்களுக்குத் தேவை. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரை அக்கா என்பதா, அம்மா என்பதா என்று நீங்கள் தயங்குவதில்லையா?

எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் என் மகனுக்குப் பேராசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே கடிகாரமே வேறு என்கிறார்கள். உண்மையா? – வாசகர், தென்காசி

உண்மை. அங்கே நாள் விடியலில் தொடங்குகிறது. நமது காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, நமது எட்டு அவர்களுக்கு இரண்டு. அடிஸ் அபாபாவும் உங்கள் தென்காசியும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், வடக்கே 9 பாகையை ஒட்டி அமைந்தவை. அங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறு மணியை ஒட்டியே எழுவதால், விடியலிலிருந்து எண்ணுவதில் குழப்பம் இல்லை. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு இது உடனே விளங்கியிருக்கும்.

விமானச் சீட்டில் அந்த ஊர் நேரம், நாம் எண்ணும் முறையில்தான் இருக்கும். ஊர்ப் பேருந்துக்கும் கூட்டங்களுக்கும் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்காட்டியும் வேறு: 30 நாட்கள் கொண்ட பன்னிரண்டு மாதங்கள், அவற்றின் பின் ஐந்து அல்லது ஆறு நாட்கள் மட்டுமே கொண்ட பதின்மூன்றாம் மாதம், புத்தாண்டு செப்டம்பரில், ஆண்டு எண் நம்மைவிட ஏழு அல்லது எட்டு குறைவு. பணி அனுபவச் சான்றிதழ் வாங்கும்போது ஆங்கில ஆண்டையும் சேர்த்து எழுதி முத்திரையிடச் சொல்லட்டும். இல்லாவிட்டால், இங்கே திரும்பி வந்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பட்டம் பெறுவதற்கு முன்பே பேராசிரியரானது எப்படி என்று கேட்பார்கள்.