மேற்கு டெக்சஸ் கவுண்டியில் பழைய டிக்கெட், நிலுவையில் பிடிவாரண்ட்: என்ன செய்வது?

கேள்வி: நான் டாலஸ் அருகே எச்-1பி விசாவில் பணிபுரிகிறேன். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் பிக் பெண்ட் சென்று திரும்பும் வழியில், மேற்கு டெக்சஸின் ஒரு சிறிய கவுண்டியில், 75 மைல் வரம்புள்ள சாலையில் 88 மைல் வேகத்தில் சென்றதாக மாநில நெடுஞ்சாலைக் காவலர் டிக்கெட் கொடுத்தார். கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் வீடு மாறினோம். டிக்கெட்டை அடியோடு மறந்துவிட்டேன். இப்போது விசா நீட்டிப்புக்குப் பின் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனால், நீதிமன்றத்தில் ஆஜராகாததால் புதுப்பிக்க முடியாது என்கிறார்கள். என்மீது பிடிவாரண்ட் இருக்கிறதா? நேரில் போனால் கைது செய்துவிடுவார்களா? ஆன்லைனில் அபராதத்தைக் கட்டி முடித்துவிடு என்கிறார் நண்பர். கிரீன் கார்டுக்குப் பாதிப்பு வருமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதை மட்டும் இன்றைக்குச் செய்துவிடாதீர்கள். டெக்சஸில் அபராதத் தொகையைச் செலுத்துவதே, குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடவில்லை என்று நீதிபதி முன் சொன்னதற்குச் சமமாகக் கொள்ளப்பட்டு, தண்டனையாகப் பதிவாகிவிடும். அதைவிட முக்கியமாக, உங்கள் பெயரில் ஒரு வழக்கு அல்ல, இரண்டு வழக்குகள் இருக்கக்கூடும். சாலையோரத்தில் நீங்கள் போட்ட கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது; குறிப்பிட்ட நாளுக்குள் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வேன் என்று கொடுத்த வாக்குறுதி அது. அதை மீறுவது தனிக் குற்றம். வேகத்துக்கான அபராதத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள், ஆஜராகாத வழக்கின் வாரண்ட் அப்படியே உயிரோடு இருப்பதை அடுத்த போக்குவரத்துச் சோதனையில்தான் அறிந்துகொள்கிறார்கள்.

உரிமத்தைப் புதுப்பிக்க மறுப்பதும் பிடிவாரண்ட்டும் வேறு வேறு. முதலாவது, ஆம்னிபேஸ் என்ற திட்டத்தின் வழியாக நீதிமன்றம் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பும் தகவலால் வருவது. இரண்டாவது, நீதிபதி கையெழுத்திடும் ஆணை. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருந்தே தீரும் என்பதில்லை. உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு உரிமம் விசாக் காலத்தோடு சேர்ந்தே காலாவதியாவதால், பிறர் ஆண்டுக்கணக்கில் அறியாத இந்தத் தடை உங்களுக்குச் சீக்கிரமே தெரியவந்திருக்கிறது. அதை நல்லதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, வாரண்ட்டைக் கண்டுபிடிக்கும் வழி. டெக்சஸில் 254 கவுண்டிகள் உள்ளன. அவை அனைத்தின் வாரண்ட்டுகளையும் பொதுமக்கள் ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய அரசுப் பட்டியல் எதுவும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு தேடித் தருவதாகச் சொல்லும் தனியார் தளங்களை நம்ப வேண்டாம். ஆம்னிபேஸ் தேடல் பக்கத்தில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால், தடையைப் போட்ட நீதிமன்றத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் கிடைக்கும். நெடுஞ்சாலைக் காவலர் கொடுத்த டிக்கெட் என்பதால் அது பெரும்பாலும் சிறு வழக்குகளை விசாரிக்கும் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' நீதிமன்றமாகவே இருக்கும். மக்கள்தொகை 18,000க்குக் குறைவான கவுண்டியில் இப்படி ஒரே ஒரு நீதிமன்றம் மட்டும் இருப்பதும் உண்டு. ஷெரீஃப் அலுவலகத்துக்கு முதலில் போகாதீர்கள். அங்கே கையில் வாரண்ட்டை வைத்திருப்பவரின் கடமை அதை நிறைவேற்றுவது. நீதிமன்ற எழுத்தரின் வேலை வழக்கை முடித்துவைப்பது.

தொலைபேசியில் கேட்கும்போது 'பெஞ்ச் வாரண்ட்' என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. பிற மாநிலங்களில் ஆஜராகாதவர்மீது பிறப்பிக்கப்படும் ஆணைக்கு அந்தப் பெயர் வழங்கினாலும், டெக்சஸ் நீதிமன்றங்களின் பேச்சுவழக்கில் அது பெரும்பாலும் வேறொரு சிறையில் இருப்பவரை அழைத்துவரச் சொல்லும் ஆணையைக் குறிக்கும். உங்களுக்கானது 'அலியாஸ் வாரண்ட்', அதாவது பதில் சொல்லாமல் இருந்ததற்கான வாரண்ட். தீர்ப்பு வந்த பிறகு அபராதம் கட்டாதவர்மீது வருவது 'கேப்பியஸ் ப்ரோ ஃபைன்'. எந்த வகை, எத்தனை வழக்குகள், வழக்கு எண்கள் எவை, ஜாமீன் தொகை எவ்வளவு, நீதிபதி எந்த நாட்களில் இருப்பார் என்ற விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிரேதப் பரிசோதனை அதிகாரி இல்லாத கவுண்டிகளில் சந்தேக மரணங்களை விசாரிப்பதும் இதே நீதிபதிதான். நாற்பது மைல் தள்ளி நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் அவர் அங்கே போய்விடுவார். ஏழு மணி நேரம் வண்டியில் வந்தவர் பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டியிருக்கும்.

கைது பற்றிய உங்கள் அச்சத்துக்குச் சட்டமே பதில் சொல்கிறது. 2017இல் டெக்சஸ் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள வழக்கில் முதல் வாய்தாவுக்கு வராத ஒருவர்மீது, தொலைபேசியிலோ தபாலிலோ மறுதேதியைத் தெரிவித்து அதற்கும் அவர் வராமல் போனால் ஒழிய, நீதிபதி வாரண்ட் பிறப்பிக்கக் கூடாது. அப்படிப் பிறப்பித்த பிறகும், வாரண்ட் நிறைவேற்றப்படுவதற்கு முன் அவர் தாமாக ஆஜராகி, பிரச்சினையைத் தீர்க்க நல்லெண்ணத்தோடு முயன்றால், நீதிபதி அதைத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும். 'பெறலாம்' என்றல்ல, 'பெற வேண்டும்' என்றே சட்டம் சொல்கிறது. 2025 ஜனவரி முதல் இந்தப் பிரிவுகள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 45ஏ அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டு வேறு எண்களில் உள்ளன. பழைய எண்ணைச் சொன்னாலும் எழுத்தருக்குப் புரியும். இந்தப் பாதுகாப்பின் உயிர்நாடி 'நிறைவேற்றப்படுவதற்கு முன்' என்ற சொற்களில் இருக்கிறது. வீட்டு வாசலிலோ சாலையோரத்திலோ கைது நடந்துவிட்டால் இந்த உரிமை போய்விடும்.

சென்ற ஆண்டு இதே போன்ற வழக்கில் ஒரு கட்சிக்காரருடன் அப்படி ஒரு சிறு நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தேன். எழுத்தர் கணினியைத் தொடவே இல்லை. மேசையின் இரண்டாவது இழுப்பறையிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு மஞ்சள் உறையை எடுத்தார். முன்னறிவிப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், 'பெறுநர் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்து, வாரண்ட்டுடன் சேர்த்துப் பின் செய்யப்பட்டிருந்தது. பத்து நிமிடத்தில் நீதிபதி அதை ரத்துச் செய்து கையெழுத்திட்டார். என் கட்சிக்காரர் இரண்டு ஆண்டுகள் இரவுத் தூக்கமின்றிப் பயந்தது அந்த ஒரு தாளுக்காகத்தான்.

முகவரி மாறிய 30 நாட்களுக்குள் பொதுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். குடியேற்றத் துறைக்கு 10 நாட்களுக்குள் தெரிவிப்பது வேறு கடமை. ஒன்றைச் செய்தவர் மற்றொன்றையும் செய்ததாக நினைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

வழக்கறிஞர் மூலமாகவும் இதை முடிக்கலாம். பல நீதிமன்றங்களில் வழக்கறிஞர் எழுத்து மூலம் ஆஜராகி, தேவைப்பட்டால் ஜாமீன் பத்திரமும் தாக்கல் செய்தால், நீங்கள் போகாமலேயே வாரண்ட் திரும்பப் பெறப்படும். அதன்பின் வேக வழக்கின் கோப்பைப் பார்க்க வேண்டும். வாரண்ட்டுக்கு அடிப்படையாகச் சத்தியப் பிரமாணத்துடன் கூடிய புகார் இருந்தாக வேண்டும். அது சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கலாகியிருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள். இல்லையென்றால் காலவரம்பைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரலாம். புகார் உரிய காலத்தில் தாக்கலாகியிருந்தால், எத்தனை ஆண்டு கடந்தாலும் வழக்கு தானாகக் காலாவதியாகாது. வரம்பைவிட 13 மைல்தான் அதிகம் என்பதால், பதில் சொல்லும் கெடு முடியும் முன் கேட்டிருந்தால் பாதுகாப்பாக வண்டி ஓட்டும் வகுப்புக்கு நீங்கள் தகுதி பெற்றிருப்பீர்கள். இப்போது அது உரிமையாகக் கிடைக்காது. ஆனாலும் 180 நாட்கள் வரை தீர்ப்பை நிறுத்திவைக்கும் 'டிஃபர்டு டிஸ்போசிஷன்' என்ற முறையைக் கேட்டுப் பெறலாம். நிபந்தனைகளை நிறைவேற்றினால் மாநிலச் சட்டப்படி வழக்கு தள்ளுபடியாகும். ஆஜராகாத வழக்கையும் கைவிடும்படி, அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் கவுண்டி வழக்கறிஞரிடம் கேளுங்கள். தாமாக வந்தவருக்கு அவர் இணங்குவது அரிதல்ல.

கிரீன் கார்டைப் பொறுத்தவரை, வேக வரம்பு மீறல் நாடுகடத்தலுக்கோ மறுப்புக்கோ காரணமாகும் குற்றம் அல்ல. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பப் படிவம் கைதை மட்டும் கேட்பதில்லை. டிக்கெட் வாங்கியதையும் சேர்த்தே கேட்கிறது. மாநில நீதிமன்றம் தள்ளுபடி செய்த வழக்கையும், அதில் ஏதேனும் ஒரு வகையில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால், குடியேற்றச் சட்டம் தண்டனையாகவே கருதக்கூடும். ஆகவே 'இல்லை' என்று எழுதிவிடாமல், முடிவின் சான்றிட்ட நகலை இணைத்து உள்ளதைச் சொல்லுங்கள். சாதாரண டிக்கெட்டை விளக்க ஒரு வரி போதும்; கைதையும் மறைத்த பதிலையும் விளக்கப் பல பக்கங்கள் வேண்டியிருக்கும்.

எழுத்தர் சொல்லும் வழக்கு, கவுண்டி நீதிமன்றத்தில் உள்ள 'பி' வகுப்புக் குற்றம் என்றால் நான் மேலே சொன்னவற்றை அப்படியே பின்பற்றாதீர்கள். அதற்கு 180 நாள் வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் உண்டு. அங்கே வழக்கறிஞர் இல்லாமல் தனியாகப் போய் நிற்கக் கூடாது. வசதியற்றவர் அரசுச் செலவில் வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை உண்டு.

இதற்கிடையில் ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, 'கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொன்னால் வாரண்ட்டை நீக்குகிறோம்' என்று யாராவது அழைத்தால் துண்டித்துவிடுங்கள். எந்த நீதிமன்றமும் அப்படிப் பணம் வாங்குவதில்லை.

வாரண்ட் ரத்தானதும் அந்த ஆணையின் நகலை வாங்கி வண்டியில் வையுங்கள். நீதிமன்றம் ரத்துச் செய்த தகவல் ஷெரீஃப் அலுவலகப் பதிவில் ஏறச் சில நாட்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் நிறுத்தப்பட்டால் காட்டுவதற்கு அந்தத் தாள்தான் உங்களிடம் இருக்கும். ஆம்னிபேஸ் கட்டணமாக ஒவ்வொரு வழக்குக்கும் 10 டாலர் கேட்பார்கள். அதையும் செலுத்தி, தடை நீங்கியதைத் தேடல் பக்கத்தில் சரிபார்த்த பிறகு உரிம அலுவலகத்துக்குப் போங்கள். உரிமம் கைக்கு வரும்வரை ஸ்டீயரிங்கை உங்கள் மனைவியோ நண்பரோ பிடிக்கட்டும். அந்தக் கவுண்டிக்குப் போகும் பயணத்துக்கும் இது பொருந்தும்.