கேள்வி – பதில்: கண்ணுக்கும் கேமராவுக்கும் ஒரே தொலைநோக்கி

கேள்வி: 8 அங்குல எஸ்.சி.டி. (ஷ்மிட்-கேசக்ரைன்) தொலைநோக்கியும் மோட்டார் வைத்த ஆல்ட்-அஸ் மவுண்ட்டும் (மேலும் கீழும், பக்கவாட்டிலும் திரும்பும் தாங்கி) இருக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) வியாழனைக் காட்டிவிட்டு, அதே ராத்திரி கேமராவிலும் எடுக்கப் பார்க்கிறேன். கேமராவை மாட்டியதும் திரையில் வெறும் கறுப்பு. திரும்பப் பிடிப்பதற்குள் அரை மணி நேரம் போகிறது. இரண்டு வேலைக்கும் இரண்டு தொலைநோக்கி வேண்டுமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: வேண்டாம். உங்களிடம் இருப்பதே போதும். கோளாறு கண்ணாடியில் இல்லை, மாற்றுகிற வரிசையில் இருக்கிறது.

திரை கறுப்பாக இருக்க இரண்டு காரணம். முதலாவது, பார்வைப் பரப்பு. 2032 மி.மீ. குவியத் தூரத்தில் 25 மி.மீ. ஐபீஸ் 81 மடங்கு தரும். முழு நிலவு முழுசாக அதில் அடங்கும். கோள் படம் எடுக்கிற ஐஎம்எக்ஸ் 662 மாதிரி சென்சாரின் அகலமோ 5.6 மி.மீ.தான். பார்லோ (குவியத் தூரத்தைக் கூட்டும் இடைவில்லை) போட்டு 3000 மி.மீ. ஆக்கினால் அது வானத்தில் பிடிக்கிற இடம் ஆறரைக் கலைக்கும் (பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை) குறைவு, நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஐபீஸில் 'நடுவில்தான் இருக்கிறது' என்று தோன்றும் கோள் இங்கே சென்சாருக்கு வெளியே நிற்கும். இரண்டாவது, குவியம். டயகனலை (ஒளியை ஐபீஸுக்குத் திருப்பும் சாய்வுக் கண்ணாடியை) கழற்றியதும் ஒளி போகிற பாதை ஏழெட்டு சென்டிமீட்டர் குறைகிறது. கோள் சென்சார் மேலேயே விழுந்தாலும் பரந்து மங்கிப் போயிருக்கும்; நீங்கள் அதை வெறும் இருட்டு என்று நினைத்து மவுண்ட்டை நகர்த்திவிடுவீர்கள். அங்கேதான் அரை மணி போகிறது.

ஆகவே பாதையின் நீளத்தை மாற்றாதீர்கள். டயகனல் எடுத்த இடத்தில் ஏறக்குறைய அதே நீளத்துக்கு ஒரு நீட்டிப்புக் குழாய் போட்டு, அதில் கேமராவை மாட்டுங்கள். குவியக் குமிழைச் சில சுற்றுகள் திருப்பினாலே குவியம் வந்துவிடும். ஒரு தடவை பகலில், சூரியன் இருக்கும் பக்கத்தை விட்டு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தை வைத்து இதைச் செய்து பாருங்கள். ஐபீஸுக்கும் கேமராவுக்கும் இடையில் குமிழ் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று எழுதிக் குழாயிலேயே ஒட்டிவிடுங்கள். ஃபைண்டரையும் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியையும்) அப்போதே நேர் செய்துகொள்ளலாம்.

ராத்திரி வரிசை இது: 25 மி.மீ. ஐபீஸில் நடுவுக்குக் கொண்டுவந்து, 10 மி.மீ.க்கு மாறி மறுபடி நடுவுக்கு. பிறகு பார்லோ இல்லாமல் கேமரா. கெயினை (கேமரா சிக்னலைப் பெருக்கும் அளவை) முழுக்க ஏற்றி, எக்ஸ்போஷரை அரை நொடிக்கு வைத்தால், குவியம் தப்பிய கோள் நடுவில் ஓட்டை விழுந்த வடை மாதிரி தெரியும். வடையைச் சுருக்கி நடுவில் நிறுத்துங்கள். கடைசியில்தான் பார்லோ. இறுதிக் குவியத்தைக் குமிழ் இடஞ்சுழியாகச் சுற்றும்போது முடியுங்கள். அப்போது முதன்மைக் கண்ணாடி எடைக்கு எதிராக மேலே தள்ளப்பட்டு நிற்கும், பிறகு நழுவாது.

அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு ஃப்ளிப் மிரர் நல்ல துணை: ஒரு திருகில் ஒளி ஐபீஸுக்கு, மறு திருகில் கேமராவுக்கு. ஆனால் பார்லோவை அதற்கு முன்னால் மாட்டாதீர்கள். பார்லோவுக்கும் சென்சாருக்கும் தூரம் கூடக் கூட உருப்பெருக்கம் ஏறும். 2 மடங்கு என்று வாங்கியது 3 மடங்கைத் தாண்டி, படம் இருண்டு போகும். ஃப்ளிப் மிரருக்கும் கேமராவுக்கும் நடுவில் அதன் இடம்.

எந்தப் பார்லோ? சென்சாரின் பிக்சல் அளவை (மைக்ரானில்) ஐந்தால் பெருக்குங்கள். எஃப் எண் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது) அதையொட்டி இருக்கட்டும். 2.9 மைக்ரானுக்கு எஃப்/15 அளவில், அதாவது உங்கள் எஃப்/10 குழாய்க்கு ஒன்றரை மடங்கு பார்லோ. 3.75 மைக்ரான் சென்சாருக்கு 2 மடங்கு. கடையில் 5 மடங்கு பார்லோ காட்டினால் தொடாமல் வந்துவிடுங்கள்.

பதிவுக்கு ஷார்ப்கேப் அல்லது ஃபயர்கேப்சர் நிரல். 640×480 பிக்சல் சட்டம் (ஃப்ரேம்), 8 பிட், எஸ்.இ.ஆர். காணொளிக் கோப்பு, எக்ஸ்போஷர் 5 முதல் 8 மில்லிநொடி, ஹிஸ்டோகிராம் (ஒளியளவு வரைபடம்) 60–70 விழுக்காடு. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது. வட்டின் நடுவில் உள்ள புள்ளி இரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய அரை விகலை (கலையில் அறுபதில் ஒன்று ஒரு விகலை) நகர்கிறது. 8 அங்குலத்தின் பிரிதிறன் 0.57 விகலை. அதனால் ஒரு காணொளி இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீளம் வேண்டுமானால் பலவற்றை எடுத்து வின்ஜூபோஸ் நிரலில் சுழற்சியைச் சரிசெய்து சேருங்கள். நொடிக்கு 150 சட்டம் என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஐந்தரை ஜி.பி. வரும்; பழைய ஹார்டு டிஸ்க் இதற்கு ஈடுகொடுக்காமல் சட்டங்களை விட்டுவிடும், எஸ்.எஸ்.டி. வேண்டும். ஆட்டோஸ்டாக்கர்ட் நிரலில் சிறந்த 10 முதல் 25 விழுக்காடு சட்டங்களை மட்டும் அடுக்குங்கள்.

கேள்வி: சாயங்காலம் எடுத்த வியாழன் ஓரளவு நன்றாக வருகிறது. தலைக்கு நேர் மேலே வந்த பிறகு எடுத்தால் விளிம்பு மட்டும் கலங்குகிறது. உயரே போனால் காற்று தெளிவு என்கிறார்களே?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: காற்றைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. குறுக்குக்கோடு 12 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கோள்கள் உச்சிக்கு வருவது ஒரு வரம். ஐரோப்பாக்காரர்கள் கோள் தாழ்ந்திருக்கும்போது நிறப்பிரிகையைத் திருத்தக் காசு கொடுத்து ஏ.டி.சி. என்ற திருத்தியை வாங்குகிறார்கள், 60 பாகைக்கு மேல் அதன் தேவை நமக்குப் பெரும்பாலும் இல்லை. வரத்தோடு வில்லங்கமும் வருகிறது. ஆல்ட்-அஸ் மவுண்ட்டில் படப்பரப்பு சுழலும், உச்சியை நெருங்க நெருங்க வேகமாக. வியாழன் வான நடுவரைக்கு 22 பாகை வடக்கே இருக்கும்போது, உங்கள் ஊரில், உச்சி தாண்டும் நேரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.4 பாகை சுழற்சி. இரண்டு நிமிடத்தில் 2.8 பாகை, நடுவில் தெரியாது, வட்டின் விளிம்பில் ஐந்து பிக்சலுக்கு மேல் இழுபடும். நீங்கள் பார்த்தது அதுதான்.

ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ எடுத்தால் கோள் இன்னும் 72 பாகை உயரத்தில் இருக்கும், சுழற்சி நிமிடத்துக்கு அரை பாகையாக இறங்கிவிடும். இரண்டு மணி நேரம் தள்ளினால் 0.2 பாகை. உச்சி தாண்டும் அந்த ஒரு மணி நேரத்தை ஐபீஸுக்கு விட்டுவிடுங்கள். கண்ணுக்குச் சுழற்சி ஒரு பொருட்டில்லை.

சாயங்காலப் படமும் 'ஓரளவு' என்கிறீர்கள். மொட்டை மாடியில் வைக்கிறீர்களா? பகல் முழுக்க வெயில் குடித்த தளம் இரவு பத்து மணி வரை சூடு கக்கும். ஐந்து மணிக்கே நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள். முடிந்தால் மண் தரைக்கு இறங்குங்கள். தெருவிளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், கோள்களுக்கு அது தடையில்லை. மாடியில்தான் வைப்பீர்கள் என்றால் பதிவு ஓடும் இரண்டு நிமிடமும் யாரும் நடக்கக் கூடாது.

கேள்வி: ஈ.க்யூ.5 மவுண்ட்டை (துருவத்தை நோக்கி ஓர் அச்சை வைத்து ஓட்டும் தாங்கியை) 12 பாகைக்குத் தாழ்த்தினால் எதிர்எடைக் கம்பி முக்காலியில் இடிக்கிறது. துருவ நட்சத்திரமும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது.
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: இந்த மவுண்ட்களை 40, 50 பாகை ஊர்களை மனதில் வைத்துச் செய்கிறார்கள். நம் ஊரில் துருவ அச்சு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது, எதிர்எடை வடக்குக் காலின் மேல் வந்து உட்காருகிறது. முக்காலிக்கும் மவுண்ட்டுக்கும் நடுவில் 15–20 செ.மீ. நீட்டுத் தூண் போடுவதுதான் சரியான தீர்வு. முக்காலியைத் திருப்பி, இரண்டு கால்களின் இடைவெளி வடக்கே வரும்படி வைத்தும் இடிப்பதைத் தவிர்க்கலாம். ஆனால் எடை அந்தப் பக்கம் சாய்வதால், குழாயைக் கழற்றும்போது மொத்தமும் கவிழ வாய்ப்புண்டு.

துருவ நட்சத்திரம் இல்லாமலே கோள் படத்துக்கு ஓட்டலாம். அடிவானத்துக்கு மேல் 12 பாகைதான் அது. நீட்டிய கையின் முஷ்டி ஒன்றே கால் அளவு. தெரிந்தாலும் கடலோரப் புகைமூட்டத்தில் மங்கிவிடும். திசைகாட்டியில் வடக்கு வைத்து, சரிவளவு மட்டத்தில் 12 பாகை வைத்தால் இரண்டு நிமிடப் பதிவுக்குப் போதும். இங்கே காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் வித்தியாசம் சொற்பம். தளத்துக் கம்பியும் முக்காலி இரும்பும் முள்ளை இழுக்கும். திசைகாட்டியை நெஞ்சளவு உயரத்தில், மவுண்ட்டை விட்டு இரண்டு மீட்டர் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: மோட்டார் இல்லாத 8 அங்குல எஃப்/6 டாப்சோனியனில் (கையால் தள்ளித் திருப்பும் தொலைநோக்கியில்) கோள் படம் எடுக்க முடியுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: முடியும். இரண்டரை மடங்கு பார்லோவில் 3000 மி.மீ. ஆகும், கோள் சட்டத்தைக் கடக்க ஏறக்குறைய 25 நொடிதான் ஆகும். சட்டத்தைச் சுருக்காமல் முழு அகலத்தில் ஓடவிட்டு, விளிம்பிலிருந்து விளிம்புவரை பல தடவை பிடியுங்கள். பிப் என்ற இலவச நிரல் ஒவ்வொரு சட்டத்திலும் கோளை நடுவுக்கு இழுத்துவைக்கும். நேர் உச்சியில் டாப்சோனியனைத் தள்ளுவது முரண்டு பிடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளியே எடுங்கள்.

கேள்வி: ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்தால் முன்கண்ணாடி உடனே வேர்க்கிறது. துடைக்கலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: துடைக்காதீர்கள். கடற்கரைக் காற்றில் உப்பும் மண்ணும் இருக்கின்றன; ஈரத்தோடு தேய்த்தால் பூச்சில் கோடு விழும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வேர்ப்பதும் இதுவும் ஒன்றே. மூடியைக் கழற்றாமல், உறையோடு ஒரு மணி நேரம் வெளியே வைத்து வெளிச்சூட்டுக்கு வரவிடுங்கள். ஏ.சி. இல்லாத அறையில் வைப்பது இன்னும் நல்லது. பின்னிரவுப் பனிக்கு, யோகா பாயை வெட்டி 30 செ.மீ. நீளத்துக்கு முன்னால் உறையாகச் சுற்றுங்கள். கண்ணாடியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது கணக்கு.

வேலை முடிந்ததும் ஈரத்தோடு பெட்டியில் பூட்டுகிறவர்கள்தான் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். மூடியைத் திறந்து, குழாய் வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, விசிறிக் காற்றில் காயவிட்டுப் பிறகு மூடுங்கள். பெட்டிக்குள் ஒரு ஈரமானி, சிலிக்கா ஜெல்; ஈரம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கட்டும். நீல ஜெல் வெளிர்சிவப்பானால் சூடேற்றித் திரும்பப் போடலாம், ஆனால் அதில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம். ஆரஞ்சு நிற ஜெல்லே வாங்கிவிடுங்கள்.