மழைக்கும் வெயிலுக்கும் ஒரே ரைடிங் ஜாக்கெட் வாங்கலாமா?

சென்னையில் தினமும் பைக்கில் வேலைக்குப் போகவும், விடுமுறையில் ஏற்காடு, ஊட்டி பக்கம் போகவும் மழை உள்ளே வராத, காற்றும் நன்றாகப் புகும் ஜாக்கெட் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே ஊரில், இதே சாலைகளில் ஓட்டுகிறவன். என் பதில்: இரண்டையும் ஒரே ஜாக்கெட்டில் தேடாதீர்கள். நல்ல ஆர்மர் (அடியைத் தாங்கும் பட்டை) உள்ள மெஷ் ஜாக்கெட், அதாவது காற்று புகும் வலைத்துணி ஜாக்கெட் ஒன்று வாங்குங்கள். அதன் மேல் போட்டுக்கொள்ள ரெயின்கோட் ஒன்று தனியாக வாங்குங்கள்.

கோர்-டெக்ஸ் மாதிரி சவ்வு வைத்த ஜாக்கெட்டுகள் தண்ணீரைத் தடுத்து வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் என்பது உண்மைதான். ஆனால் ஆவி வெளியேற வேண்டுமானால் ஜாக்கெட்டுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே ஈரப்பதம் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் 10 டிகிரி குளிரில் அப்படி இருக்கும். ஐப்பசி மழையில் சென்னை 26, 27 டிகிரியில் புழுங்கிக்கொண்டிருக்கும்போது அந்த வித்தியாசம் மிகக் குறைவு. மழை உள்ளே வராது, ஆனால் வியர்வையிலேயே நனைந்துவிடுவீர்கள். மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மெஷ் ஜாக்கெட் வாங்கும்போது முதலில் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். இதில் பலர் ஏமாறுகிறார்கள். "சிஇ சான்று பெற்றது" (சிஇ என்பது ஐரோப்பியத் தரக் குறி) என்று கடையில் சொல்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஆர்மருக்கு மட்டும்தான். ஜாக்கெட்டின் துணிக்கும் தையலுக்கும் தனித் தரம் உண்டு. அது இஎன் 17092 என்ற ஐரோப்பியத் தரம். அதில் ஏஏஏ உயர்ந்தது, அடுத்து ஏஏ, பிறகு ஏ. மெஷ்ஷில் ஏ சாதாரணமாகக் கிடைக்கும். ஏஏ கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். தார்ச்சாலையில் உரசிக்கொண்டு போகும்போது தோலைக் காப்பது துணிதான். தோள், முழங்கை ஆர்மருக்கு இஎன் 1621-1. லெவல் 1 என்றால் சோதனை அடியில் உடம்புக்குக் கடத்தும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள், லெவல் 2 என்றால் 20-க்குள் இருக்க வேண்டும். வித்தியாசம் பெரியது என்பதால் லெவல் 2-ஐயே கேளுங்கள். முதுகுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், பல ஜாக்கெட்டுகளில் அங்கே வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சான்றுள்ள முதுகு ஆர்மர் போடுங்கள்.

காற்றோட்டத்துக்கு நெஞ்சில் மெஷ் இருந்தால் போதாது. முதுகிலும் இருந்தால்தான் வந்த காற்று வெளியேறும். வண்டியில் உயரமான விண்ட்ஷீல்டு இருந்தால் நெஞ்சுக்கு வரும் காற்றை அது தடுத்துவிடும், அப்போது கைகளில் மெஷ் அதிகம் உள்ளதாகப் பாருங்கள். வேலூர்ப் பக்கம் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது வீசுவது அனல் காற்று. வியர்வை சட்டென்று உலர்ந்துவிட்டால் அது உடம்பைக் குளிர்விக்காது, சூடாக்கத்தான் செய்யும். பருத்தி டி-சர்ட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உள்ளே போட்டுக்கொண்டால் அடுத்த டீக்கடை வரை தாராளமாகத் தாங்கும். அங்கே மறுபடி நனைத்துக்கொள்ளலாம். கறுப்பைவிட வெளிர் சாம்பல் நிறம் நல்லது.

ரெயின்கோட்டை ஏன் வெளியே போடச் சொல்கிறேன் என்றால், ஜாக்கெட்டோடு வரும் மழை லைனரை (உள்பக்கம் மாட்டும் நீர்புகாத் துணியை) மாட்ட, கொட்டும் மழையில் பாதுகாப்பு ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். மாட்டிய பிறகும் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காற்றில் சில்லிடும், பையில் இருக்கும் போன் நனையும். மேலே போடும் கோட்டை ஒரு நிமிடத்தில் மாட்டிவிடலாம். ஆர்மருக்கு மேல் போகும்படி பெரிய சைஸ், தையல்களின் உள்பக்கம் டேப், ஜிப்பை மூடும் மடிப்பு, கழுத்தை இறுக்கும் வசதி, பளிச்சென்ற நிறம் ஆகிய எல்லாம் இருக்கட்டும். கையுறையின் விளிம்பைக் கோட்டின் கைக்குள் விடுங்கள், இல்லையென்றால் கை வழியாக வழியும் தண்ணீர் நேராகக் கையுறைக்குள் இறங்கும்.

மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் விடியற்காலை உறைநிலை அருகே போகும். உள்ளே ஒரு தெர்மல், மேலே இதே ரெயின்கோட் போட்டால் காற்று நின்றுவிடும், குளிரும் அடங்கும். நீங்கள் ஊட்டியிலேயே வசிக்கிறீர்கள், அல்லது லடாக் பயணத்துக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் என் பதில் மாறும். அங்கே சவ்வு வெளித்துணியோடு ஒட்டிய லேமினேட் ஜாக்கெட் கொடுத்த விலைக்கு உழைக்கும்.

ஆன்லைனில் அளவு பார்த்து வாங்காமல் கடைக்கு உங்கள் வண்டியிலேயே போய், ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்து உட்கார்ந்து பாருங்கள். முழங்கை ஆர்மர் மூட்டை விட்டு நகர்ந்தால் ஒரு சைஸ் சின்னதைக் கேளுங்கள்.