ஊமத்தை இலையில் ஓட்டை: மருந்து கேட்டவருக்கு ஒரு பதில்

கேள்வி: விளாத்திகுளம் வட்டாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் மானாவாரி நிலம் உள்ளது. வழக்கமாக மிளகாயும் உளுந்தும் பயிரிடுவோம். இந்த ஆண்டு மூலிகை வியாபாரி ஒருவர் சொன்னதைக் கேட்டு, புரட்டாசியில் அரை ஏக்கரில் வெள்ளூமத்தை விதைத்தேன். விதையை அவரிடமே நல்ல விலைக்கு வாங்கினேன். காய்ந்த இலையையும் விதையையும் தாமே எடுத்துக்கொள்வதாக வாய்மொழியாகக் கூறியிருக்கிறார். இப்போது இலைகள் சல்லடையாகிவிட்டன. இலையின் அடியில் மஞ்சள் நிறத்தில் முள் முள்ளாகச் சிறு புழுக்கள் காணப்படுகின்றன. சில செடிகளில் இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருங்குகிறது. வியாபாரி ஒரு டானிக் தருகிறார். புட்டியில் லேபிள் இல்லை. அதைத் தெளிக்கலாமா? இலை பறித்த பின் மிஞ்சும் தண்டை ஆடுகளுக்குப் போடலாமா? காய்கள் முற்றத் தொடங்கியுள்ளதால், மிளகாய் காயப்போட்டிருக்கும் களத்தின் ஓரத்திலேயே அவற்றையும் உலர்த்த எண்ணியிருக்கிறேன். இலை பறித்த நாளின் இரவிலிருந்து என் மனைவிக்கு வலக்கண் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, வெளிச்சம் கூசுகிறது. பொங்கல் முடிந்ததும் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பதில்: தங்கள் கடிதத்தின் முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய செய்தி கடைசி வரியில் இருக்கிறது. புழுவுக்கு மருந்து கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன். தங்கள் மனைவியின் வலக்கண் மங்கியதற்குப் பெரும்பாலும் அந்தச் செடியே காரணம். ஊமத்தையின் இலை, பூ, காய், விதை, வேர் அனைத்திலும் அட்ரோப்பின், ஸ்கோபோலமின் ஆகிய நஞ்சுகள் உள்ளன. கண் மருத்துவமனையில் கண்மணியை விரிப்பதற்காக விடும் சொட்டு மருந்துகளில் ஒன்று இந்த அட்ரோப்பின்தான். இலை பறித்த கையைக் கழுவாமல் ஒரு கண்ணைத் துடைத்தால் அந்தக் கண்ணின் மணி மட்டும் விரிந்து நின்றுவிடும். கிட்டத்தில் உள்ளது மங்கும், வெயில் கூசும். இது ஓரிரு நாளிலோ ஒரு வாரத்திலோ தானாகச் சரியாகிவிடும் என்றாலும், பொங்கல் வரை காத்திராமல் இன்றே அழைத்துச் செல்லுங்கள். ஒரு கண்மணி மட்டும் விரிந்திருப்பதைக் காணும் மருத்துவர் மூளையில் ஏதேனும் கோளாறோ என்று ஐயுற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வது முறையானதே. ஆகவே மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ‘ஊமத்தை இலை பறித்தாள்’ என்று சொல்லிவிடுங்கள். வாய் வறட்சி, படபடப்பு, சிறுநீர் இறங்காமை, பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது தோன்றினாலும் அது கண்ணோடு நிற்கும் விஷயமல்ல. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். இனி அந்தப் பாத்திக்குள் இறங்கும் எவரும் ரப்பர் கையுறை அணியட்டும். வேலை முடித்துச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை முகத்தில் கை வைக்க வேண்டாம். வெற்றிலை போடவும் வேண்டாம்.

புழுவைப் பொறுத்தவரை, அது கத்தரியில் காணும் அதே புள்ளி வண்டின் புழுதான். இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை மட்டும் விட்டுவைப்பதால் இலை சல்லடை போலாகிறது. அரை ஏக்கர் என்பது கையால் பொறுக்கக்கூடிய பரப்பே. காலையில் வெயில் ஏறும் முன் செடியைத் தட்டி, வண்டையும் புழுவையும் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் விழச் செய்யுங்கள். இலையின் அடியில் மஞ்சள் முட்டைக் குவியல் கண்ட இடத்தில் அந்த இலையையே கிள்ளிவிடுங்கள். அதற்கும் மிஞ்சினால் ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, நூறு லிட்டராக்கிச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். தங்கள் பரப்புக்கு இது போதும். திட்டுத் திட்டாக மஞ்சளித்த செடிகளுக்கு எந்த மருந்தும் கிடையாது. அது வைரஸ் நோய். பக்கத்து வயலில் மிளகாய் நிற்கும்போது அத்தகைய செடி ஒன்றைக்கூட நிற்க விடாதீர்கள். மிளகாயைத் தாக்கும் வைரஸ்கள் பலவற்றுக்கு ஊமத்தை நல்ல தங்குமிடம். அங்கிருந்து மிளகாய்க்குக் கடத்தும் வேலையை அசுவினியும் வெள்ளை ஈயும் செய்துவிடும்.

ஓட்டை விழுந்த இலையில் ‘சத்து இறங்கிவிட்டது’ என்று வியாபாரி விலையைக் குறைக்கக்கூடும். அது சரியல்ல. ஊமத்தையின் நஞ்சு முக்கியமாக வேரில் உருவாகித் தண்டு வழியாக ஏறி இலையில் சேர்கிறது. வண்டு தின்றதால் எடை குறையுமே தவிர, மிஞ்சிய இலையின் வீரியம் குறைந்துவிடாது. தக்காளியை ஊமத்தை வேரில் ஒட்டுக்கட்டினால் தக்காளிச் செடியிலும் நஞ்சு ஏறுவது இந்தக் காரணத்தால்தான். ஊமத்தை வேர் வறட்சி தாங்கும் என்று யாரேனும் தங்களிடம் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கத்தரிக்கு ஒட்டுவேர் வேண்டுமென்றால் சுண்டை இருக்கிறது.

லேபிள் இல்லாத புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி விற்கப்படும் எந்த மருந்தின் புட்டியிலும் பெயரும், பதிவு எண்ணும், நஞ்சின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களில் ஒன்றும் இருந்தே தீர வேண்டும். முக்கோணம் இல்லாத புட்டியில் இருப்பது ஒன்று வெறும் தண்ணீர், அல்லது பெயர் சொல்ல அஞ்சும் ஏதோ ஒன்று. மருந்துக்குப் போகும் இலையில் அதைத் தெளித்துவிட்டு, நாளை அதே வியாபாரி ‘எச்சம் இருக்கிறது, சரக்கு வேண்டாம்’ என்று தள்ளினால் தாங்கள் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

வியாபாரியைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். ஊமத்தை நம் ஊர்ப் புறம்போக்கிலும் குப்பைமேட்டிலும் யாரும் நீரூற்றாமல் வளரும் செடி. சித்த, ஆயுர்வேத மருந்து செய்வோருக்கு வேண்டிய சிறிதளவு ஊமத்தையைச் சேகரிப்போர் அங்கிருந்தே கொண்டுவந்து தருகின்றனர். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் நஞ்சுப் பொருட்களுக்கென உள்ள இ(1) அட்டவணையில் ஊமத்தையும் இடம்பெற்றிருப்பதால், அது சேர்ந்த மருந்தை எச்சரிக்கை வாசகத்தோடுதான் விற்க முடியும்; இந்த நிலையில் வாங்குவோர் கூட்டம் எவ்வளவு இருக்கும் என்று தாங்களே கணக்கிடலாம். ‘வெளிநாட்டு மருந்துக் கம்பெனி கேட்கிறது’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அடுத்த கதை. ஸ்கோபோலமினுக்காகப் பெருமளவில் பயிராவது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வளர்க்கப்படும் டுபாய்சியா என்னும் மரம். அதுவும் ஊமத்தையின் குடும்பம்தான். அதன் தேர்ந்த கலப்பினங்களின் காய்ந்த இலையில் 2 சதவீதத்துக்கும் மேல் நஞ்சுச் சத்து இருக்கும். நம் ஊமத்தை இலையில் அரை சதவீதத்தைத் தாண்டுவது அரிது. நான்கு மூட்டை இலையில் கிடைப்பது ஒரே மூட்டையில் கிடைக்கும்போது, தங்கள் அரை ஏக்கரைத் தேடி யார் கப்பல் அனுப்புவார்கள்? ஆக, இதுவரை லாபம் கண்டவர் தங்களுக்கு விதை விற்றவர் ஒருவரே. கண்வலிக்கிழங்கு விதைக்காவது மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் பல ஆண்டுகளாக வாங்குவோர் இருக்கிறார்கள். அங்கேயே விலை ஏறுவதும் இறங்குவதுமாக விவசாயிகளை அலைக்கழிக்கிறது. ஊமத்தைக்கு அந்தச் சந்தையும் இல்லை. வாங்குவது உறுதியென்றால், 2019இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டின் ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தின்படி விலையையும் அளவையும் எழுதிப் பதிவு செய்துதர அவரிடம் கேளுங்கள். அதன்பின் அவர் தொலைபேசியை எடுக்கிறாரா என்று பாருங்கள்.

இப்போது என்னை உண்மையில் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். அது களம். மிளகாய் காயும் களத்தின் ஓரத்தில் ஊமத்தைக் காயை உலர்த்துவதாகப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வெள்ளூமத்தையின் காய் முற்றியதும் ஒழுங்காக நான்காகப் பிளப்பதில்லை. தாறுமாறாக வெடித்து, உள்ளிருக்கும் நூற்றுக்கணக்கான விதைகளைச் சிதறும். அந்த விதை கறுப்பாக இருந்தாலாவது கண்ணில் படும். வெள்ளூமத்தை விதையோ மஞ்சள் கலந்த பழுப்பு. சிதறிய விதை மிளகாய்க் குவியலுக்குள் போனால் மிளகாய் விதையோடு விதையாகக் கிடக்கும். சட்டம் சார்ந்த மருத்துவ நூல்கள் இவ்விரண்டு விதைகளையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கென்றே தனியே இடம் ஒதுக்கியிருப்பது, இந்தக் குழப்பம் நம் நாட்டில் எத்தனை பழையது என்பதைக் காட்டும். மிளகாய் விதை மெல்லியது, வழவழப்பானது, வெளிறிய மஞ்சள் நிறமுடையது. ஊமத்தை விதை தடித்தது, காது வடிவானது, மேல்தோலில் சிறு குழிகள் உள்ளது, விளிம்பில் இரட்டை வரப்புப் போன்ற மேடு கொண்டது. உள்ளங்கையில் நாலு விதையை வைத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு தெரியும். மூட்டை மூட்டையாக மில்லில் அரைபடும்போது யாருக்குத் தெரியும்? கடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க மட்டும் முயல வேண்டாம்.

இதை நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால் ஒன்று சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு உகாண்டாவின் கரமோஜா பகுதியில், உணவு உதவியாக வழங்கப்பட்ட சோயா கலந்த சத்துமாவைச் சாப்பிட்ட சுமார் 300 பேர் நோயுற்றனர். ஐந்து பேர் இறந்தனர். மாவில் இருந்தவை ஊமத்தையில் உள்ள இதே நஞ்சுகள். அங்கே ஊமத்தையை யாரும் பயிரிட்டு உலர்த்தவில்லை. சோயாவோடு களையாகக் கலந்து வந்ததற்கே இந்த விளைவு. குழந்தைகளுக்கான தானிய உணவில் அட்ரோப்பினும் ஸ்கோபோலமினும் கிலோவுக்குத் தலா 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தாங்களோ களத்தின் ஓரம் போதும் என்கிறீர்கள்.

ஆகவே காய் வெடிக்கும் முன், பச்சை மங்கத் தொடங்கும் நிலையிலேயே, காம்போடு பறித்துவிடுங்கள். களத்துப் பக்கமே கொண்டுபோகாமல், வயலின் மறுகோடியில் நெருக்கமாக நெய்த தார்ப்பாயை விரித்து, மேலே கொசுவலை போட்டு உலர்த்துங்கள். அந்தத் தார்ப்பாய், சாக்கு, முறம், விளக்குமாறு எதுவும் இனி வேறு வேலைக்கு ஆகாது. சாக்கில் சிவப்புப் பெயின்டால் பெயர் எழுதுங்கள். நானும் ஒரு காலத்தில் பெயர் எழுதாத விதைப் பை ஒன்றைப் பண்ணையின் விதையறைப் பரணில் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு இது கத்தரியா வேறு ஏதுமா என்று தடவிப் பார்த்துக்கொண்டு நின்றவன்தான். அந்த அரைமணி நேரம் உடம்பில் ஓடிய நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது. சாக்கு சும்மா கிடக்கிறதே என்று அதில் உளுந்தைக் கட்டிவைக்கும் சிக்கனம் நம் வீடுகளில் உண்டு. இந்த ஒரு பயிருக்கு அந்தச் சிக்கனம் ஆகாது.

ஆடுகளுக்குத் தண்டு போடலாமா என்பதற்கு ஒரே பதில், கூடாது. பச்சைச் செடியின் நாற்றத்தால் ஆடு பொதுவாக அதை ஒதுக்கிவிடும். வெட்டிக் காய்ந்த சோளத்தட்டையோடு கலந்துவிட்டால் அந்த எச்சரிக்கை அதற்குக் கிடைக்காது. ஆட்டின் கண்மணி விரிந்து, வாய் உலர்ந்து, அசைபோடுவது நின்று, வயிறு உப்பினால் கால்நடை மருத்துவரிடமும் ஊமத்தை என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள்.

மாசிக்குள் வியாபாரி வந்து எடை போட்டுப் பணம் தராவிட்டால், அவருக்காகக் காத்திருந்து காயை வெடிக்க விடாதீர்கள். செடிகளை வேரோடு பிடுங்கி, காயோடும் மிச்ச விதையோடும் கொழு எட்டாத ஆழத்தில் குழிவெட்டிப் புதையுங்கள். தீ வைக்க வேண்டாம். ஆஸ்துமாவுக்கு ஊமத்தை இலையைப் புகைத்த காலம் ஒன்று இருந்தது என்றால், அந்தப் புகை உடம்பில் வேலை செய்யும் என்பதுதான் அதன் பொருள். எத்தனை கவனமாகச் செய்தாலும் சில விதைகள் மண்ணில் தங்கிவிடும். இந்த இனத்து விதைகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் புதைந்து கிடந்து முளைத்தது அமெரிக்காவில் நடத்தப்பட்ட சோதனையில் பதிவாகியுள்ளது.

அந்த அரை ஏக்கரில் வரும் ஆண்டு என்ன போடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மிளகாய், கத்தரி, தக்காளி வேண்டாம். அதே வண்டும் அதே நோயும் காத்திருக்கும். சோளமும் வேண்டாம், தட்டையோடு ஊமத்தையும் அறுபடும். உளுந்தும் வேண்டாம், செடியோடு களத்துக்கு வந்துவிடும். இரண்டு பருவம் பருத்தி போடுங்கள். வரிசை அகலமாக இருப்பதால் இடையில் முளைப்பது கண்ணில் படும். முதல் களைக்கு வருபவர்களிடம் நீண்டு குறுகிய இரண்டு விதையிலையோடு நிற்கும் ஊமத்தை நாற்று ஒன்றைக் காட்டி, இதைக் கண்டால் கொத்தாமல் வேரோடு பிடுங்க வேண்டும் என்று சொல்லுங்கள். கையுறையையும் அவர்களுக்குத் தாங்களே வாங்கிக் கொடுங்கள்.