சிங்கப்பூரின் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டின் குறுகிய வாசலுக்கு, சுவரில் மாட்டும் மர அலமாரியை நாமே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கதவைத் திறந்ததும் செருப்பும் பையும் காலில் இடறுவதாகச் சொல்கிறீர்கள். வெளியே நடைபாதையில் வைத்தால் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், அதனால் உள்ளே சுவரைப் பயன்படுத்துவதே நல்லது.

முதலில் சுவரைப் பாருங்கள். வாசலை ஒட்டியிருப்பது பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுக் காப்பறை) சுவர் என்றால் வேறு சுவருக்கு மாறிவிடுங்கள். அதில் துளையிடக் கட்டுப்பாடு உண்டு. விரலால் தட்டும்போது பொள்ளென்று கேட்டால் திருகைப் பிடிக்கச் சுவரில் செருகும் சாதாரண பிளக் தாங்காது.

18 மி.மீ. பிளைவுட் போதும். மாட்டும் முறைதான் முக்கியம். ஒரு பட்டையை நீளவாக்கில் 45 பாகை சாய்வில் இரண்டாக அறுங்கள். ஒரு பாதியை, கூர்முனை மேலே, அறைப் பக்கம் இருக்கும்படி சுவரில் திருகுங்கள். மறுபாதியை அலமாரியின் பின்புறம் தலைகீழாகத் திருகி, மேலிருந்து மாட்டுங்கள். பாரம் ஏற ஏற அது சுவரோடு இறுகும், வீடு மாறும்போது தூக்கி எடுத்துக்கொள்ளலாம். அலமாரியின் பின்புறம் கீழேயும் அதே தடிமனில் ஒரு கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் அலமாரி சாய்ந்து நிற்கும். அந்த இடைவெளியில் காற்றும் ஓடும். நம்மூர் ஈரத்துக்கு அது ரொம்பத் தேவை. வார்னிஷை வெட்டிய ஓரங்களிலும் பின்புறத்திலும் தடவ மறக்காதீர்கள்.

காலணியைப் படுக்கவைக்க 30 செ.மீ. ஆழம் பிடிக்கும். தட்டை 45 பாகை சாய்த்து, முன்னால் ஒரு சட்டம் அடித்தால் சுமார் 22 செ.மீ. போதும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமையில் டிரில் போடாதீர்கள், அனுமதி இல்லை.